நடி, மரி

அக்கா,

இன்று காலை மருமகள் இரும்புக் கரண்டியில் விளக்கெண்ணெயைச் சூடாக்கிக் கொண்டுவந்து என் முட்டியில் தடவினாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்தது என்று எழுதினால் அது பாதிதான் உண்மை. முதலில் ஞாபகத்துக்கு வந்தது மரி. நீ எண்ணெய் தடவும்போது அது திரும்பி உன் புறங்கையை நக்கும். அந்த நாக்கு, அப்புறம் உன் கை, அதற்கப்புறம்தான் நீ வந்தாய். நாய் வழியாகத்தான் நீ எனக்குக் கிடைத்தாய், இப்போதும் அதன் வழியாகத்தான் வருகிறாய். கோபித்துக்கொள்ளாதே.

என் முட்டியில் ஜவ்வு கிழிந்திருக்கிறதாம். ஓசூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் காகிதத்தில் படம் வரைந்து விளக்க ஆரம்பித்தார். "தெரியும் டாக்டர், மேல் எலும்பையும் கீழ் எலும்பையும் இழுத்துப் புடிச்சிருக்கிற ஜவ்வு. அது போனா கீழ் எலும்பு முன்னால வழுக்கும்" என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, "எங்கம்மா படிச்சீங்க?" என்று கேட்டார். "கெலமங்கலத்துல, ஒரு நாய்கிட்ட" என்றேன். என் மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நீ இருந்தவரை உன்னை "நீங்க" என்றுதான் கூப்பிட்டேன். இந்த மடலில் "நீ" என்று எழுதுகிறேன். நீ போனபோது உனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. எனக்கோ பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். இப்போது பார்த்தால் நீ என் மகனைவிடச் சின்னவள். ஆனாலும் அக்கா என்ற வார்த்தையை மட்டும் விட முடியவில்லை.

கெலமங்கலத்தில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், பின்னால் ஒரே கொல்லை. தர்மபுரிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த எனக்குக் கன்னடத்தில் ஒரு வார்த்தை தெரியாது. மைசூர்ச் சீமைக்குள்ளே எங்கோ ஒரு கிராமத்திலிருந்து வந்த உனக்குத் தமிழ் தெரியாது. ஊரில் மற்றவர்கள் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றையும் ஒரே மூச்சில் கலந்து பேசிக்கொண்டிருந்தார்கள். ஊமைகள் நாம் இரண்டு பேர்தான். என் வீட்டுக்காரர் ஓசூர், தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் கண்டக்டர். உன் வீட்டுக்காரர் சந்தை சந்தையாகப் போய்ப் புளி வாங்குகிறவர். இரண்டு ஆண்களும் வீட்டில் தங்குவது குறைவு. துவைக்கிற கல்லில் நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் நின்று சிரித்துக்கொள்வோம். வேறென்ன பேசுவது?

அப்போதுதான் உன் வீட்டுக்காரரின் அண்ணன் ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுவந்து விட்டார். அவரை நீ பாவா என்று கூப்பிடுவாய். சானமாவுக் காட்டோரம் அவருக்கு ராகி நிலம் இருந்தது. கதிர் முற்றினால் பன்றி வரும், யானை வரும். காவலுக்கு நாய் வேண்டும். நீ வளர்த்துக் கொடுக்க வேண்டியது, அறுப்புக்கு முன்னால் அவர் வந்து அழைத்துக்கொண்டு போக வேண்டியது என்று ஏற்பாடு.

நீ அதை "மரி, மரி" என்று கூப்பிட்டாய். என் காதில் அது மேரி என்று விழுந்தது, நானும் அப்படியே கூப்பிட்டேன். என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே, "என்ன புள்ள, கடுவன் நாயப் போயி மேரின்னு கூப்புடற?" என்று என்னைக் கேலி செய்தார். குட்டி என்பதற்குத்தான் உங்கள் பாஷையில் மரி என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்தபோது அதுவே பேராகிவிட்டது. நாய் வளர்ந்து வாசலை அடைத்துக்கொண்டு படுத்தபோதும் நமக்கு அது குட்டிதான்.

நீ அதற்கு ராகி உருண்டை போட்ட போட்டில் மளமளவென்று வளர்ந்தது. ஒரு வயது நிரம்பியிருக்காது. கோழியைத் துரத்திக்கொண்டு போனது சட்டென்று திரும்பியபோது வீலென்று கத்தி உட்கார்ந்துவிட்டது. அதற்கப்புறம் வலது பின்னங்காலை ஊன்றவில்லை. நின்றால் விரல் நுனி மட்டும் மண்ணைத் தொடும். உட்கார்ந்தால் அந்தக் கால் மடங்காமல் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். கொஞ்ச நாள் சரியானது மாதிரி காட்டும். மறுபடி துள்ளும், மறுபடி கத்தும்.

நீ அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து கையை நீட்டி, "நடி, மரி, நடி" என்று கெஞ்சுவாய். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குத் தூக்கிவாரிப்போடும். பாவாவிடமிருந்து தப்பிப்பதற்காக நாய்க்கு நொண்டி மாதிரி நடிக்கச் சொல்லிக் கொடுக்கிறாய் என்றே நினைத்தேன். என்ன கெட்டிக்காரி என்று உள்ளுக்குள் மெச்சிக்கொண்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

உன் பாவாவும் அதையேதான் சொன்னார். ஒரு சந்தை நாளில் வந்து நாயின் நடையைப் பார்த்தார். "சோத்துக்குக் கூப்பிட்டா வருது, வேலைன்னா நொண்டுதா? எல்லாம் நாடகம்" என்று என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார். பிறகு உன் பக்கம் திரும்பிக் கன்னடத்தில் என்னவோ சொன்னார். நீ முக்காட்டை இழுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றாய். சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் நீ அதைச் சொல்ல, அவர் எனக்குச் சொன்னார். அறுப்புக்கு முன்னால் கால் சரியாக வேண்டும். இல்லையென்றால் காட்டோரம் கட்டிப்போட்டுவிடுவாராம். மிச்சத்தைச் சிறுத்தை பார்த்துக்கொள்ளுமாம்.

என் வீட்டுக்காரர் பஸ்ஸின் கடைசி சீட்டுக்குக் கீழே, மூட்டைகளுக்கு நடுவில் நாயைப் படுக்க வைத்து நம்மை ஓசூர் மாட்டாஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனார். நம்மை உள்ளே விட்டுவிட்டு அவர் பஸ்ஸோடு போய்விட்டார். டாக்டர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. தொடையை ஒரு கையாலும் கீழ்க்காலை ஒரு கையாலும் பிடித்து மெதுவாக இழுத்துக் காட்டினார். எலும்பு முன்னால் நகர்ந்தது. மரி முனகியது, நீயும் முனகினாய்.

"உள்ள ஜவ்வு கிழிஞ்சிருக்கு. அதைத் தைக்கிற வசதி இங்க கெடையாது" என்றார். "கட்டியே வையுங்க. துள்ளக் கூடாது, படியேறக் கூடாது. தீனியக் கொறைங்க, கனம் ஏறினா முட்டிக்குத்தான் கேடு. கொஞ்ச நாள் போனப்புறம் கயித்தப் புடிச்சிக்கிட்டு மெதுவா நடக்க விடுங்க. சின்ன வயசுதான, தொடைச் சதை கெட்டிப்பட்டா அதுவே முட்டியப் புடிச்சிக்கிடும். ஆனா முன்ன மாதிரி ஓடாது. அந்தக் காலையும் ஒரு கண்ணு பாத்துக்கிடுங்க. ஒண்ணு போனா பெரும்பாலும் இன்னொண்ணும் போகும்."

எனக்கு மனசு கேட்கவில்லை. "சார், வேணும்னே நொண்டுதுன்னு சொல்றாங்களே?" என்று கேட்டுவிட்டேன். நாயின் தலையைத் தடவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, நாய் உன்னுடையது என்பதால் உன்னைப் பார்த்தே பதில் சொன்னார்: "நடிக்கல. நடிக்கலம்மா."

உன் முகம் அப்படியே விழுந்துவிட்டது. திரும்பி வரும்போது ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டாய். கெலமங்கலம் வரும்வரை சேலைத் தலைப்பு கண்ணை விட்டு இறங்கவில்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் டாக்டர் வேண்டாம் என்று சொன்ன பெரிய உருண்டையையே நெய் விட்டுப் பிசைந்து அதற்குப் போட்டாய். அவிழ்த்துவிட்டாய். கொல்லையில் உட்கார்ந்து, பாவா கையில் கொடுப்பதற்குப் புதுக் கயிறு திரிக்க ஆரம்பித்தாய். சாகப் போகிற உயிருக்கு நடத்துகிற உபசாரம் அது என்று பாஷை தெரியாமலே எனக்குத் தெரிந்தது.

நான் கயிற்றைப் பிடுங்கினேன். "டாக்டரே நடிக்கலன்னு சொல்லிட்டாரு இல்லீங்களாக்கா? அப்பறம் ஏன் இப்பிடிப் பண்றீங்க?"

"நடியல்ல! நடியல்ல!" என்று நீ அலறினாய். நான் நடிக்கல, நடிக்கல என்று உன்னைச் சமாதானப்படுத்தினேன். நான் சொல்லச் சொல்ல உன் அழுகை ஏறியது. சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் சாப்பிட்ட கையோடு ஓடி வந்தார். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் பார், இன்றைக்கும் அந்தச் சிரிப்பு என் காதில் இருக்கிறது.

"அவங்க பாஷையில நடின்னா நட புள்ள! தினம் பஸ்ல உள்ள நடி, முன்ன நடின்னு சொல்லித்தான ஆளுங்களத் தள்றேன்? நடியல்லன்னா நடக்காதுன்னு அர்த்தம். டாக்டரு வேஷம் போடலன்னு சொன்னாரு, அவங்க காதுல இனிமே நடக்காதுன்னு விழுந்திருக்கு."

அதையே கன்னடத்தில் உனக்குச் சொன்னார். டாக்டர் சொன்ன மற்றதையும் என்னிடம் கேட்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். கடைசியில் எழுந்து போய், நாய் பாதி தின்றிருந்த உருண்டையை அதன் வாயிலிருந்தே பிடுங்கினாய். அது உன்னைப் பார்த்த பார்வையில் நாம் இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டோம். உனக்குக் கண்ணீர் மட்டும் நிற்கவில்லை.

அன்றிலிருந்து நமக்குப் பாஷை வந்தது. உன் வீட்டில் சாணம் மெழுகிய தரை வழுக்கும் என்று நாய் படுக்கிற இடமெல்லாம் சாக்கு விரித்தோம். மூலையில் மூங்கில் தட்டியை வளைத்துக் கட்டி அதற்குள் விட்டோம். துள்ளப் பார்க்கும், நான் அதட்டுவேன். ஊளையிடும், நீ பாடுவாய். காலையும் மாலையும் விளக்கெண்ணெய், அதன் மேல் உப்பு ஒத்தடம். உருண்டை பாதியாகி அதிலும் பாதியானது. அது தட்டை நக்கி நக்கித் தேய்க்கும்போது நீ முகத்தை மூடிக்கொள்வாய். "பாப்பம் தங்கி, பாப்பம்" என்பாய். பாவம் என்பதையும் தங்கச்சி என்பதையும் அப்படித்தான் சொல்வாய்.

தட்டியைப் பிரித்த பிறகு கயிற்றைக் குட்டையாகப் பிடித்துக்கொண்டு நடை. முதலில் துவைக்கிற கல் வரைக்கும், அப்புறம் புளியமரம் வரைக்கும், அப்புறம் சந்துக் கடைசி. வேகமாகப் போனால் மூன்று காலிலேயே சமாளித்துவிடும். மெதுவாகப் போனால்தான் நாலாவது காலை ஊன்றும். அதைக் கண்டுபிடித்தது நீ. அதனால் ஆமை மாதிரி நடந்தோம். தெருவில் பார்த்தவர்கள் சிரித்தார்கள். அந்த வருஷம் மாநில எல்லையைப் பிரிக்கிறார்கள் என்று, ஊரெல்லாம் ஓசூர் மைசூரோடு போகுமா, மெட்ராசோடேயே இருக்குமா என்று வாய் ஓயாமல் பேச்சு. நீ ஒருநாள் கயிற்றைப் பிடித்தபடி கவலையோடு கேட்டாய்: "தங்கி, கொல்லைய நடுவுல வெட்டுவாங்களா?"

தமிழ் உனக்கு வேகமாக வந்தது. ஒரு வார்த்தை மட்டும் கடைசி வரை திருந்தவில்லை. "மரி சந்துக் கடைசி வரைக்கும் நடிச்சுது தங்கி!" என்று மூச்சு வாங்க வந்து சொல்வாய். "இன்னிக்கு நானும் ரொம்ப நடிச்சேன், கால் நோவு" என்பாய். நான் திருத்தவே இல்லை. அது திருந்திவிட்டால் எனக்குச் சிரிக்க என்ன இருக்கிறது?

கதிர் முற்றிய நேரத்தில் உன் பாவா வந்தார். மரி கொல்லையில் அவர் முன்னால் நாலு காலிலும் நடந்தது. கொஞ்சம் சாய்ந்துதான், ஆனால் நடந்தது. அவர் ஒரு கல்லைப் பொறுக்கி வேலிப் பக்கம் எறிந்து, "ஓடு பாக்கலாம்" என்றார். மரி காதைத் தூக்கியது. நீ கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாய். முக்காடு சரிந்திருந்தது, நீ அதை இழுத்துவிடவில்லை. கல்லுக்கும் நாய்க்கும் நடுவில் நின்று, "நடியுத்தெ பாவா. ஓடல்ல" என்றாய். நடக்கும், ஓடாது. எனக்கு அதற்குள் அவ்வளவு கன்னடம் தெரிந்திருந்தது. அதுவரை அவர் எதிரில் நீ வாய் திறந்து நான் பார்த்ததில்லை. அவரும் பார்த்ததில்லை போலிருக்கிறது. "நீயே வெச்சு அழு" என்று தமிழில் சொல்லிவிட்டுப் போனார். நீ அங்கேயே மண்ணில் உட்கார்ந்து நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டாய்.

டாக்டர் சொன்னது பலித்தது. அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் இடது முட்டியும் போயிற்று. இந்தத் தடவை துள்ளல் கிள்ளல் ஒன்றுமில்லை. காலையில் எழுந்திருக்கப் பார்த்தது, பின்பக்கம் எழவில்லை. நீ அழவில்லை. உன் பச்சை நூல் சேலையை நீளமாகக் கிழித்து அதன் வயிற்றுக்கு அடியில் கொடுத்து, இரண்டு நுனியையும் மேலே பிடித்துப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டாய். முன்னால் அது, பின்னால் நீ. ஒன்றுக்கு இருக்கவும் அப்படித்தான், வெயிலில் படுக்க வைக்கவும் அப்படித்தான். மறுபடி தட்டி, மறுபடி எண்ணெய், மறுபடி பாதி உருண்டை. இரண்டாவது தடவை எதுவும் சுலபமாக இல்லை.

நீ ஒரு கையால் சேலையைத் தூக்கிக்கொண்டு, இன்னொரு கையை அடிவயிற்றில் அழுத்திக்கொண்டு நடக்க ஆரம்பித்தது எப்போது என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. நாயின் கனம் என்றுதான் நினைத்தேன். "நான் தூக்கறங்க்கா, குடுங்க" என்றால் தரமாட்டாய். "என்னங்க்கா, வலிக்குதா?" என்றால், "இல்ல தங்கி. நல்லா நடிக்கிறேன். பயம் பேடா, வேணாம்" என்பாய். நான் சிரிப்பேன், நீயும் சிரிப்பாய். நம்முடைய பழைய வேடிக்கை அது. அந்தச் சிரிப்புக்குப் பின்னால் நீ உட்கார்ந்துகொண்டாய், அக்கா. எவ்வளவு நல்ல இடம் பார்த்து ஒளிந்தாய். நான் தேடக்கூட இல்லை.

உடம்பு பாதியாக இளைத்த பிறகு உன் அம்மா வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். வயிற்றில் கட்டி, முற்றிவிட்டது என்று உன் வீட்டுக்காரர் என்னிடம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். என் வீட்டுக்காரர் பஸ் படியில் உன் கையைப் பிடித்து ஏற்றினார். மரிக்கு அதற்குள் சேலை இல்லாமல் நிற்க வந்திருந்தது. தெருமுனை வரைக்கும் நடந்து வந்தது. பஸ் கிளம்பியதும் நீ ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "அதுக்கு உருண்டை சின்னதா போடு" என்றாய். அதுதான் நீ என்னிடம் கடைசியாகப் பேசியது.

அப்புறம் ஒரு மத்தியானம் என் வீட்டுக்காரர் டிக்கெட் பையைத் தோளிலிருந்து கழற்றாமலே வந்து வாசலில் நின்றார். அந்த நேரத்தில் அவர் பஸ் தேன்கனிக்கோட்டையில் இருக்க வேண்டும். நான் உன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

மரி உன் பூட்டிய கதவுக்கு முன்னால் படுத்துக்கொண்டது. சாக்கை இழுத்துப் போட்டாலும் வரவில்லை. அப்படியே படுத்திருந்தால் முட்டி இறுகிவிடும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வா வா என்றேன், எழுந்திரு என்றேன், திட்டினேன். கடைசியில் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து கையை நீட்டி, "நடி, மரி" என்றேன். என் வாயில் அந்த வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை. அது எழுந்தது. எழுந்து என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலாக உன்னைத் தேடியது. நான் அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். பிறகு இரண்டு பேருமாகப் புளியமரம் வரைக்கும் மெதுவாக நடந்தோம்.

அது இன்னும் சில வருஷம் இருந்தது. ஓடவே இல்லை. உருண்டையை நான் பெரிதாக்கவும் இல்லை.

இப்போது நான் ஓசூரில் மகனோடு இருக்கிறேன். காலையில் கம்பெனி பஸ்கள் போன பிறகுதான் தெருவில் காது கேட்கும். எனக்கு நடைப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருகிறாள், ஆனேக்கல்லிலிருந்து, உன்னை மாதிரி கன்னடக்காரி. இன்று எண்ணெய் ஊறின பிறகு என்னை எழுப்பிச் சுவரோரம் நிறுத்தினாள். எனக்கு எதிரே பின்பக்கமாக நகர்ந்து, கையை நீட்டி, "நடியம்மா, நடி" என்றாள்.

சுவரைப் பிடித்துக்கொண்டேன். கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மகன் பயந்துபோய், "வலிக்குதாம்மா?" என்று கேட்டான்.

"இல்லடா. நல்லா நடிக்கிறேன்" என்றேன்.

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "நடக்கிறேன்னு சொல்லணும் அம்மா" என்று எனக்குத் தமிழ் திருத்தினாள். சரி என்று தலையை ஆட்டிவிட்டு, நீ சொல்லிக் கொடுத்தபடி மெதுவாக, நாலாவது காலை ஊன்றுகிற வேகத்தில், ஜன்னல் வரைக்கும் போனேன்.

மகனிடம் சொல்லவில்லை, அவளிடமும் சொல்லவில்லை. உன்னிடம் நடிக்கல. வலிக்கிறது, அக்கா.